ஃப்ரெனெல் சிதறல் தரவுத்தொகுப்பு: புதுவை, கடலூர் மாணவர்களுக்கு எவ்வளவு உதவும்?

மறைந்திருக்கும் பொருளின் மேல் பல அதிர்வெண்களில் நுண்ணலையை அனுப்பி, சிதறி வருவதை அளந்து, அந்த எண்களிலிருந்து பொருளின் உருவத்தையும் தன்மையையும் மீட்டெடுக்கும் கணினி நிரலை (கோடு) சொந்தமாக எழுத நினைப்பவர்கள் முதலில் டவுன்லோடு செய்ய வேண்டிய தரவு எது? எங்கள் பதில்: பிரான்சின் மார்சேய் நகரில் உள்ள ஃப்ரெனெல் ஆய்வகம் 2005இல் வெளியிட்ட இருபரிமாண அளவீட்டுத் தொகுப்பு. காலாப்பட்டிலும் பிள்ளைச்சாவடியிலும் சிதம்பரத்திலும் இந்தத் துறையில் எம்.டெக். ப்ராஜெக்ட் எடுப்பவர்கள் பெரும்பாலும் தாங்களே உருவாக்கிய சிமுலேஷன் தரவோடு நின்றுவிடுகிறார்கள். ஒரே கோடில் தரவை உருவாக்கி, அதே கோடில் திருப்பி எடுத்தால் எந்த முறையும் அழகாகத்தான் வேலை செய்யும். உண்மையான ஆன்டெனா, உண்மையான இரைச்சல், சற்றே நகர்ந்து நிற்கும் உருளை என்று வரும்போதுதான் முறையின் தரம் தெரியும். அதற்கு இந்தத் தொகுப்பு நல்ல உரைகல். ஆனால் நம் ஊர்ச் சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் பார்ப்பதற்கான முழுப் பயிற்சி இதில் கிடைக்காது. அதற்கான காரணம் அளவீட்டு அமைப்பிலேயே இருக்கிறது. பின்னால் விரிவாகச் சொல்கிறோம்.

தொகுப்பில் நான்கு இலக்குகள். நான்கிலும் பொதுவானது 80 மி.மீ. விட்டமுள்ள ஃபோம் உருளை. அதன் ஒப்புமை விடுதிறன் (பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு வினையாற்றுகிறது என்பதைக் காட்டும் எண், காற்றுக்கு 1) 1.45, பிழை எல்லை 0.15. அதோடு 31 மி.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் உருளை, விடுதிறன் 3, பிழை எல்லை 0.3. ஃபோம்டயல்இன்ட் என்ற கோப்பில் பிளாஸ்டிக் ஃபோமுக்கு உள்ளே இருக்கிறது. ஃபோம்டயல்எக்ஸ்ட்டில் வெளியே ஒட்டி நிற்கிறது. ஃபோம்ட்வின்டயலில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. நான்காவதான ஃபோம்மெட்எக்ஸ்ட்டில் பிளாஸ்டிக்குக்குப் பதில் 28.5 மி.மீ. விட்டச் செம்புக் குழாய். முதல் மூன்றுக்கும் 2 முதல் 10 கிகாஹெர்ட்ஸ் வரை 1 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 9 அதிர்வெண்கள். செம்புக்கு 18 வரை போய் 17 அதிர்வெண்கள். மின்புலம் உருளையின் அச்சுக்கு இணையாக உள்ள டி.எம்., குறுக்காக உள்ள டி.இ. என இரண்டு துருவமுனைப்பிலும் அளவீடு உண்டு.

அளந்த விதம் இது. எதிரொலியற்ற அறையில் நடுவே உருளைகள். மையத்திலிருந்து 1.67 மீட்டரில் அனுப்பும் ஆன்டெனா, அதே தூரத்தில் வாங்கும் ஆன்டெனா. அனுப்புவது, முதல் இரண்டு கோப்புகளில் 45 பாகைக்கு ஒன்றாக 8 இடங்களிலிருந்து. மற்ற இரண்டில் 20 பாகைக்கு ஒன்றாக 18 இடங்களிலிருந்து. வாங்குவது அனுப்பும் திசையிலிருந்து 60 பாகையில் தொடங்கி 300 பாகை வரை, பாகைக்கு ஒன்றாக 241 இடங்களில். அதாவது ஃபோம்டயல்இன்ட்டில் ஒரு துருவமுனைப்புக்கு 17,352 கலப்பெண்கள், ஃபோம்ட்வின்டயலில் 39,042. எல்லாம் எளிய எழுத்துக் கோப்பு. பைத்தானிலோ மேட்லேபிலோ தலைப்பு வரிகளைத் தாண்டிப் படித்தால், அனுப்பும் இட எண், வாங்கும் இட எண், அதிர்வெண், மொத்தப் புலத்தின் மெய், கற்பனைப் பகுதிகள், படுபுலத்தின் (பொருள் இல்லாதபோது அளந்த புலத்தின்) மெய், கற்பனைப் பகுதிகள் என்று வந்துவிடும். மொத்தத்திலிருந்து படுபுலத்தைக் கழித்தால் சிதறிய புலம். படுபுலத்தையும் சேர்த்துக் கொடுத்திருப்பது பெரிய உதவி. அது இல்லாவிட்டால் கேலிப்ரேஷனே (அளவீட்டைக் கணக்கின் அலகோடு பொருத்துவது) செய்ய முடியாது.

241 என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஓர் அதிர்வெண்ணில் சிதறிய புலத்தில் உண்மையிலேயே புதிதாக இருக்கும் தகவலின் எண்ணிக்கை, அலை எண்ணை (2π-ஐ அலைநீளத்தால் வகுத்தால் வருவது) இலக்கைச் சுற்றிய வட்டத்தின் விட்டத்தால் பெருக்கினால் வருவதை ஒட்டித்தான் இருக்கும். ஃபோமும் வெளி உருளையும் அடங்க 71 மி.மீ. ஆர வட்டம் போதும் என்று வைத்தால், 2 கிகாஹெர்ட்ஸில் அது சுமார் 6, 10 கிகாஹெர்ட்ஸில் சுமார் 30. வாங்கும் இடங்கள் இதற்குப் பல மடங்கு அதிகம். ஐந்து பாகைக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டாலும் உருவத்தில் பெரிய மாற்றம் வராது. சராசரியாகி அடங்கும் இரைச்சல் மட்டும் கொஞ்சம் கூடும், கணக்கு வேகமாக ஓடும். அனுப்பும் இடங்களோ நேர்மாறு. 2 கிகாஹெர்ட்ஸில் 8 இடங்கள் போதும். 10 கிகாஹெர்ட்ஸுக்கு 8 போதவே போதாது, 18கூடக் குறைவு. இந்தக் குறையைப் பல அதிர்வெண்களைச் சேர்த்துத்தான் ஈடுகட்ட வேண்டும். தொகுப்பின் வடிவமைப்பே உங்களை அந்த வழிக்குத் தள்ளுகிறது, அது நல்லதுதான்.

ஏன் குறைந்த அதிர்வெண்ணில் தொடங்க வேண்டும் என்பதற்குப் புத்தகத்தில் வரும் பொதுவான விளக்கத்தைவிட, இந்த இலக்கிலேயே ஒரு கணக்குப் போட்டால் தெளிவாகும். ஃபோமின் ஒளிவிலகல் எண் 1.204, பிளாஸ்டிக்குக்கு 1.732. ஃபோம்டயல்இன்ட்டில் இரண்டின் நடுவிலும் ஊடுருவிப் போகும் அலை 49 மி.மீ. ஃபோமையும் 31 மி.மீ. பிளாஸ்டிக்கையும் கடக்கிறது. காற்றில் போவதைவிட அது கூடுதலாகக் கடக்கும் பாதை, ஃபோமில் 10 மி.மீ., பிளாஸ்டிக்கில் 22.7 மி.மீ., மொத்தம் சுமார் 32.7 மி.மீ. 2 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 150 மி.மீ.; கட்ட வேறுபாடு 78 பாகைதான். 4.6 கிகாஹெர்ட்ஸ் வாக்கில் அது 180 பாகையைத் தொடுகிறது. 10 கிகாஹெர்ட்ஸில் 390 பாகையைத் தாண்டுகிறது, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு மேல். அரைச் சுற்றைத் தாண்டியதும், முந்திய அலையா பிந்திய அலையா என்று கணக்குக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வெறும் காற்று என்ற ஊகத்திலிருந்து 6 கிகாஹெர்ட்ஸில் நேராகத் தொடங்கினால், எச்சப் பிழை (அளந்த புலத்துக்கும் கணக்கிட்ட புலத்துக்கும் உள்ள வேறுபாடு) ஓரளவு இறங்கித் தவறான பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். படத்தில் ஏதோ வட்டமாகத் தெரியும், விடுதிறன் எண் பொய்யாக இருக்கும். இதைவிட ஆபத்தான விடை இந்தத் துறையில் இல்லை, பார்க்க நம்பும்படி இருப்பதால்.

ஆகவே 2 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி, அதில் கிடைத்த மங்கலான உருவத்தை 3 கிகாஹெர்ட்ஸுக்குத் தொடக்கமாகக் கொடுத்து, படிப்படியாக ஏற வேண்டும். ச்சூவும் லின்னும் 1995இல் முன்வைத்த அதிர்வெண் தாவல் முறை இதுதான். மேலே ஏறும்போது கீழ் அதிர்வெண்களைக் கைவிடாமல் சேர்த்தே கொண்டுபோவது நல்லது என்பது எங்கள் கருத்து. புதிய அதிர்வெண்ணை மட்டும் பொருத்திக்கொண்டு போனால், ஃபோமின் சராசரி விடுதிறன் மெல்ல நழுவும். சேர்க்கும்போது ஒவ்வோர் அதிர்வெண்ணின் பிழையையும் அந்த அதிர்வெண்ணின் சிதறல் ஆற்றலால் வகுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஆற்றல் அதிகமுள்ள அதிர்வெண்கள் மற்றவற்றை அமுக்கிவிடும்.

கேலிப்ரேஷன்தான் முதன்முதலில் இடறும் இடம். அளந்த எண்கள் உங்கள் கோடின் அலகில் இல்லை. சமன்பாட்டில் மூலத்தை, அதாவது அனுப்பும் ஆன்டெனாவை, 1.67 மீட்டரில் உருளைக்கு இணையாக நிற்கும் கோட்டு மூலமாக வைத்து, உருளை அலையை விவரிக்கும் ஹாங்கெல் சார்பில் படுபுலத்தைக் கணக்கிடுங்கள். மூலத்துக்கு நேர் எதிரே, அதாவது 180 பாகையில், கணக்கிட்ட படுபுலத்தை அளந்த படுபுலத்தால் வகுத்தால் ஒரு கலப்பெண் வரும். அதிர்வெண்ணுக்கு ஒன்றாக இந்த எண்ணை எடுத்து, அந்த அதிர்வெண்ணின் சிதறிய புலம் முழுவதையும் அதனால் பெருக்கினால் போதும். மற்றக் கோணங்களில் உள்ள படுபுலத்தை வைத்துத் தனித்தனியாகக் கேலிப்ரேட் செய்யப் போகாதீர்கள். ஹார்ன் ஆன்டெனா நேர்த்திசையில்தான் பலமாக வீசும். 60, 70 பாகை இடங்களில் படுபுலம் மெலிந்திருக்கும், அதனால் வகுத்தால் இரைச்சல்தான் பெருகும்.

அடுத்தது கால மரபு. உங்கள் கோடில் நேரச் சார்பு, அதாவது e^(±iωt), எதிர்க் குறியா நேர்க் குறியா என்பதும் தரவில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எந்த முறையும் குவியாது. ஆட்கள் நாட்கணக்கில் ரெகுலரைசேஷனை (விடை கட்டுமீறி அலையாமல் அடக்கும் கட்டுப்பாடு) திருகிக்கொண்டிருப்பார்கள். சோதிக்க எளிய வழி உண்டு. மூலத்திலிருந்து வாங்கும் இடத்துக்குள்ள தூரம் 180 பாகையில் 3.34 மீட்டர், 150 பாகையில் சுமார் 3.226 மீட்டர். வித்தியாசம் 114 மி.மீ. 2 கிகாஹெர்ட்ஸில் இது சுமார் 273 பாகைக் கட்டம். அளந்த படுபுலத்தின் கட்டத்தை 180இலிருந்து 150 வரை பாகை பாகையாகப் பின்தொடருங்கள். முதல் வகை ஹாங்கெல் சார்பை வைத்து எழுதிய கோடென்றால் கட்டம் அந்த அளவு இறங்க வேண்டும். ஏறினால் எல்லா எண்களுக்கும் இணைக் கலப்பெண் எடுத்துவிடுங்கள். ஏற்றமும் இறக்கமும் சரியாக இருந்து அளவு மட்டும் 273க்கு வெகுதூரம் என்றால், கோண வரிசையைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

கணினி பற்றிக் கவலை வேண்டாம். 150 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தை 64க்கு 64 கட்டமாகப் பிரித்தால் ஒரு கட்டம் 2.34 மி.மீ. பிளாஸ்டிக்குக்குள் 6 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 29 மி.மீ., அலைக்கு 12 கட்டம் கிடைக்கிறது, நன்று. 10 கிகாஹெர்ட்ஸில் 17 மி.மீ.தான், அலைக்கு 7 கட்டம் என்பது எல்லையில் நிற்கும் கணக்கு, அங்கே 96க்கு 96 ஆக்குங்கள். 64 கட்டத்துக்கு முழு அணியையே நினைவகத்தில் வைத்தாலும் சுமார் 270 எம்.பி.; 8 ஜி.பி. ராம் உள்ள சாதாரண லேப்டாப்பில் ஓடும். எஃப்.எஃப்.டி. (விரைவு ஃபூரியர் உருமாற்றம்) வழியாகப் பெருக்கினால் அதுவும் தேவையில்லை.

முறையைப் பொறுத்தவரை, தொடங்குபவர்களுக்கு ச்சூ, வாங் இருவரும் 1990இல் தந்த திரிபுற்ற போர்ன் மறுசெய்கை முறையைத்தான் சொல்வோம். ஒவ்வொரு படியும் கையில் பிடித்துப் பார்க்கும்படி இருக்கும், எங்கே கெடுகிறது என்று தெரியும். வான் டென் பெர்க்கும் கிளைன்மனும் 1997இல் தந்த கான்ட்ராஸ்ட் சோர்ஸ் முறை, ஒவ்வொரு சுற்றிலும் நேர்க்கணக்கை (பொருளிலிருந்து சிதறலைக் கணக்கிடுவது) முழுமையாகத் தீர்க்காததால் வேகமானது; ஆனால் பிழை இருந்தால் எங்கே என்று கண்டுபிடிப்பது கடினம். எதை எடுத்தாலும் இரண்டு கட்டுப்பாடுகளைப் போட்டுவிடுங்கள்: விடுதிறன் 1க்குக் கீழே போகக் கூடாது, அலை உறிஞ்சப்படுவதைக் காட்டும் அதன் இழப்புப் பகுதி எதிர்க்குறியாகக் கூடாது. முதல் அதிர்வெண்ணில் ரெகுலரைசேஷனைத் தாராளமாக வையுங்கள். அங்கே குறைத்துவிட்டால் ஃபோமைச் சுற்றி வளையம் வளையமாகப் பொய்க்கோடுகள் விழும். அவை அடுத்தடுத்த அதிர்வெண்களுக்கும் தொடக்கமாகப் போய் இறுகிவிடும்.

இறுதியில் ஃபோம் 1.3க்கும் 1.6க்கும் இடையிலும், பிளாஸ்டிக் 2.7க்கும் 3.3க்கும் இடையிலும் வந்தால் சரி. அதைவிடத் துல்லியம் வந்ததாக அறிக்கையில் எழுதாதீர்கள், பொருளின் விடுதிறனே அந்த அளவுக்குத்தான் தெரியும். இடத்தைப் பற்றியும் அப்படியே. 1 மி.மீ. நகர்வு 10 கிகாஹெர்ட்ஸில் ஒருவழிப் பாதைக்கு 12 பாகைக் கட்டம். மேல் அதிர்வெண்களில் எச்சப் பிழை திடீரென்று ஏறினால் முறையைச் சந்தேகிக்கும் முன், மையத்தின் ஆயத்தையும் கட்டத் திருத்தத்தையும் பாருங்கள்.

கோப்புகளில் எதை முதலில் எடுப்பது? ஃபோம்டயல்எக்ஸ்ட், டி.எம். இரண்டு பொருளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் தவறு கண்ணுக்குத் தெரியும். பிறகு ஃபோம்டயல்இன்ட். ஃபோம்ட்வின்டயல் மூன்றாவது, அலை மூன்று பொருளுக்கும் இடையில் மீண்டும் மீண்டும் சிதறுவதால் உண்மையான சோதனை அதுதான். டி.இ.யைக் கடைசிக்கு வையுங்கள், எல்லைகளில் மின்புலம் துள்ளுவதால் அதற்குச் சமன்பாட்டையே வேறாக எழுத வேண்டும். செம்புக் கோப்பில் ஒரு நுணுக்கம்: கடத்துதிறனால் வரும் கற்பனைப் பகுதி அதிர்வெண்ணுக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஆகவே தாவும்போது விடுதிறனின் கற்பனைப் பகுதியை அப்படியே அடுத்ததற்குக் கடத்தாமல், கடத்துதிறனையே மாறியாக வைத்துக்கொள்ள வேண்டும். செம்பின் உண்மையான கடத்துதிறன் ஒருநாளும் வராது. குழாயின் விளிம்பு சரியான இடத்தில் வந்தால் வெற்றி.

இதே ஆய்வகத்தின் 2001 தொகுப்பும் கிடைக்கிறது. அதில் 15 மி.மீ. ஆரமுள்ள ஒற்றை உருளை, இரட்டை உருளை, உலோகச் செவ்வகம், யு வடிவ உலோகம் எல்லாம் உண்டு. மூலம் 720 மி.மீ.யிலும் வாங்கி 760 மி.மீ.யிலும் இருக்கின்றன, மின்கடத்தா இலக்குகளுக்கு 1 கிகாஹெர்ட்ஸிலிருந்தே தரவு இருக்கிறது. கோடு வேலை செய்கிறதா என்று ஒரு மாலையில் பார்க்க ஒற்றை உருளைக் கோப்பு மிகப் பொருத்தம். ஆனால் அங்கே வெவ்வேறு விடுதிறன் உள்ள பொருள்கள் ஒன்றுக்குள் ஒன்று இல்லை. நம் வேலைக்கு வேண்டியது அதுதான் என்பதால் 2005க்கே முதலிடம்.

இப்போது குறைக்கு வருவோம். புதுவையின் பழைய தெருக்களில் சுண்ணாம்புக் காரைச் செங்கல் சுவருக்குள் குழாயோ வெற்றிடமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அல்லது 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் ஆற்றங்கரை மண்ணுக்குள் இன்னும் இருக்கும் செங்கல் கட்டுமானத்தைத் தோண்டாமல் வரைய வேண்டும் என்றால், ஆன்டெனா இரண்டும் ஒரே பக்கத்தில்தான் நிற்க முடியும். வருவது பின்சிதறல், அதாவது மூலத்தை நோக்கித் திரும்பும் அலை, மட்டும். ஃப்ரெனெல் தொகுப்பில் இல்லாததே அந்தப் பின்சிதறல்தான். மூலத்தைச் சுற்றி இருபுறமும் 60 பாகை வரை அளவீடு கிடையாது. இது சிறிய விடுபாடு அல்ல. முன்னோக்கி ஊடுருவும் அலைதான் பொருளின் சராசரி விடுதிறனைச் சொல்கிறது; பின்சிதறல் விளிம்புகளைத்தான் சொல்கிறது. இந்தத் தொகுப்பில் ஃபோம் 1.45 என்று அழகாக வருவதற்கு முன்சிதறல் தாராளமாக இருப்பதே காரணம். அதே நிரலைச் சுவர் ராடார் தரவில் ஓட்டினால் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் கோடுகளாக வரும், உள்ளே எண் வராது.

இடைவழி ஒன்று உண்டு. 60 முதல் 90 பாகை வரையும் 270 முதல் 300 வரையும் உள்ள இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுங்கள். 241இல் 62 இடங்கள் மிஞ்சும். மூலங்களிலும் ஒரே பக்கத்தில் உள்ளவற்றை மட்டும் எடுங்கள்; இதற்கு 18 மூலமுள்ள ஃபோம்ட்வின்டயல்தான் சரி. உருவம் ஆழத் திசையில் எப்படி இழுபடுகிறது, 2 முதல் 10 வரை எல்லா அதிர்வெண்ணையும் சேர்த்தால் எவ்வளவு மீள்கிறது என்று அப்போது தெரியும். 8 கிகாஹெர்ட்ஸ் பட்டை அகலத்துக்கு நேர்ப் பின்சிதறலில் கிடைக்கக்கூடிய ஆழப் பிரிதிறன் காற்றில் சுமார் 19 மி.மீ.; பக்கவாட்டுக் கோணங்களில் அதைவிட மோசமாகத்தான் கிடைக்கும். ஆய்வேட்டில் இந்த ஒப்பீட்டை ஒரு அத்தியாயமாகவே எழுதலாம்.

இரண்டாவது குறை, உப்பும் ஈரமும். தொகுப்பில் பின்னணி காற்று, பொருள்களில் இழப்பு மிகக் குறைவு. நம் கடற்கரைச் சுவரில் மழைக்காலத்தில் ஏறும் ஈரமும் உப்பும் கடத்துதிறனைக் கூட்டும். விடுதிறன் 9, கடத்துதிறன் மீட்டருக்கு 0.05 சீமென்ஸ் என்று வைத்துக் கணக்கிட்டால் ஒருவழித் தணிவு மீட்டருக்குச் சுமார் 27 டெசிபல். போய்த் திரும்ப அரை மீட்டர் ஆழத்துக்கே அதே 27 டெசிபல். இது கடத்துதிறனால் மட்டும் வருவது. நீர் மூலக்கூறுகளின் இழப்பு கிகாஹெர்ட்ஸ் கூடக் கூட இதன் மேல் ஏறும். எனவே சுவர் வேலையில் மேல் அதிர்வெண்கள் முதலில் செத்துப்போகும். 10 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறிய நிரலை அங்கே 2, 3 கிகாஹெர்ட்ஸோடு நிறுத்த வேண்டியிருக்கும். கோடிலும் பின்னணி விடுதிறனைக் கலப்பெண்ணாக ஏற்கும்படி முதலிலேயே எழுதிவிட்டால் பிறகு இடித்துக் கட்ட வேண்டியதில்லை. சுவர் அளவீட்டைச் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் அதே சுவர் வேறு சுவர்.

வாங்கலாமா என்ற கேள்வி இதற்குப் பொருந்தாது. தரவுக்குக் காசு கிடையாது, கோப்புகள் சில எம்.பி.தான். செலவாவது நேரம். சமன்பாடு தெரிந்தவர் கேலிப்ரேஷன் வரை ஒரு வாரம், ஃபோம்டயல்எக்ஸ்ட் சரியாக வர இன்னும் இரண்டு மூன்று வாரம் என்று திட்டமிடலாம். முப்பரிமாணம் வேண்டுபவர்களுக்கு இதே ஆய்வகத்தின் 2009 தொகுப்பு 3 முதல் 8 கிகாஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. இருபரிமாணத்தில் ஃபோம்ட்வின்டயலை வெற்றிகரமாக முடிக்காமல் அதைத் தொட வேண்டாம்.